முனியாண்டி தலைக்கு மேல் மாடு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு குழுவுக்கு ஆள் போடும்போது, கூட்டத்துக்கு வராதவன் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். வந்தவன் எழுந்து நின்று "நம்மளால ஆகாது" என்று சொல்லிவிடுவான். வராதவன் எப்படிச் சொல்வான்? அப்படித்தான் நான் நீர், நில முகாமைத்துவக் குழுவில் கால்நடைப் பிரதிநிதி ஆனேன். அன்றைக்கு நான் பன்விலை டவுனுக்குப் புண்ணாக்கு வாங்கப் போயிருந்தேன். மூட்டையோடு பஸ்ஸை விட்டு இறங்கினால், எங்கள் லயத்துத் தலைவர் றோட்டில் நின்று கும்பிடு போடுகிறார்.

"வாங்க பிரதிநிதி," என்றார்.

"யாருக்குப் பிரதிநிதி?"

"மாடுகளுக்கு."

லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளில் மொத்தமே ஒரு மாடுதான். அது என் வீட்டு மாடு. ஆக, நான் ஒரே ஒரு ஜீவனுக்குப் பிரதிநிதி. அதுவும் என்னைத் தெரிவு செய்யவில்லை. செய்யச் சொல்லிக் கேட்டிருந்தாலும் செய்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு கண்டி டவுனில் ஒரு கடையில் மூட்டை தூக்கினேன். இடுப்பு "நான் வரவில்லை" என்று சொன்னதும் தோட்டத்துக்கே திரும்பிவிட்டேன். என் மனைவி கொழுந்து எடுக்கிறாள். மாடு பால் கொடுக்கிறது. வீட்டில் சும்மா இருப்பது நானும் ரேடியோவும்தான். அதிலும் ரேடியோவைப் பழுது என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

முழுக்கச் சும்மா என்றும் சொல்ல முடியாது. மாட்டை மேய்ப்பது என் வேலை. லயத்துக்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறது. தோட்டம் பல வருசமாகக் கைவிட்ட மலை. தேயிலைச் செடி மரமாக வளர்ந்து, இடையில் மானாப்புல் ஆள் உயரத்துக்கு நிற்கும். அங்கே பழைய தகரத்தை வைத்து ஒரு மாட்டுக் கொட்டகை போட்டிருந்தேன். காலையில் மாட்டை அவிழ்த்துவிட்டுப் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுப்பேன். மாடு மேயும். நான் மாடு மேய்வதை மேற்பார்வை பார்ப்பேன். கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது எனக்குப் பழக்கம்.

அந்த மலைக்குக் கீழே, வளைவு தாண்டி, எங்கள் பீலி. பாறையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீரை மூங்கில் வைத்து விழவிட்டிருப்பார்கள், அதுதான் பீலி. மூங்கில் போய் இப்போது பிளாஸ்டிக் குழாய் வந்துவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை. லயம் முழுக்க அதில்தான் குடிக்கிறது, குளிக்கிறது, துவைக்கிறது. கொஞ்ச காலமாக வெயில் மாதங்களில் தண்ணீர் நூலாகிவிட்டது. கோபமாக இருக்கும் மனைவி ஊற்றும் தேத்தண்ணி மாதிரி, வரும், ஆனால் மனசில்லாமல் வரும். பெண்கள் விடியுமுன் வாளியோடு வரிசையில் நின்று, சண்டை போட்டு, பிறகு வேலைக்கு ஓடுவார்கள்.

இந்த நிலையில்தான் தோட்ட நிர்வாகத்தில், அந்தக் காட்டு மலையை நீங்களே பயன்படுத்தலாம், என்ன செய்வது என்று நீங்களே பேசி முடிவு எடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆட்களிடம் எதையாவது கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். முடிவு எடுக்கச் சொன்னால் சண்டை வரும். வந்தது. வாலிபப் பையன்களுக்கு வொலிபோல் கிரவுண்ட் வேண்டும். தலைவருக்கு விறகுக்கு டர்பன்டைன் மரம் நட வேண்டும். இன்னும் சில வீட்டுக்காரர்களுக்குப் போஞ்சி, கறிமிளகாய் என்று காய்கறி போட வேண்டும். பெண்கள் ஆளும் மாடும் போகாமல் மலையை மூடி, மரம் வைத்து, ஊற்றைக் காப்பாற்ற வேண்டும் என்றார்கள். எனக்குப் புல் வேண்டும்.

கூட்டத்துக்கு முதல் நாள் என் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இந்தாங்க, அந்த மலை போச்சின்னா மாட்ட வித்துட வேண்டியதுதான். வெலைக்கு புல்லு வாங்கி நம்மளால மாடு வளக்க முடியாது."

"விக்கிறதா? நான் பிரதிநிதி. விடுவேனா?"

"பிரதிநிதி மொதல்ல எந்திரிச்சு வெறகு ஒடைங்க."

விறகு உடைத்தேன். ஆனால் அவள் சொன்னது மனசில் நின்றுவிட்டது. அந்த மாடு கன்றாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி அதைத் தன் கம்பளியால் போர்த்தினாள். என்னை அவள் அப்படிப் போர்த்தியதே இல்லை. அதை விற்றால் அவள் அழமாட்டாள். பேசாமல் இருப்பாள். அதுதான் பயம்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைமடுவத்தில் கூட்டம். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது. ஞாயிறு என்றால் காலியாக இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா தரையைக் கூட்டித் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார். சுருட்டிய பெரிய தாள்கள், கலர் பேனைகள், ஒரு பெட்டி மாலு பனிஸ் என்கிற மீன் பன், இவற்றோடு ஒரு மிஸ் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பேராதனையில் படித்து, அந்தப் பக்கமே வேலையும் எடுத்துவிட்டார். இந்த மாதிரி ஊர்களில் மண்ணையும் தண்ணியையும் பற்றி ஒழுங்காக முடிவு எடுக்கப் பழக்குவதுதான் வேலையாம்.

"எல்லாரும் வாங்கோ, இருங்கோ," என்றார். "இண்டைக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லப் போறியள்."

தலைவர் கதிரையில் சாய்ந்தார். "அப்ப நீங்க எதுக்கு மிஸ் வந்தீங்க?"

"கேக்க வந்தனான் ஐயா."

எங்கள் தோட்டத்தில் கேட்பதற்கு என்று இதுவரை ஒருவரும் வந்ததில்லை. தலைவருக்கு அது கொஞ்சம் சந்தேகமாகவே இருந்தது.

மிஸ் விரலை மடக்கிக் காட்டினார். "முதல் என்ன இருக்கெண்டு பாக்கிறது. பிறகு யோசிக்கிறது. அதுக்குப் பிறகு ஒண்டைத் தெரிவு செய்யிறது. அதைச் செய்யிறது. செய்து முடிச்சு, சரி வந்திதோ எண்டு திரும்பவும் பாக்கிறது. இதுதான் முறை. ஒண்டையும் விடக்கூடாது."

"நான் கல்யாணம் கட்டுனப்ப ரெண்டாவத விட்டுட்டேன் மிஸ்," என்றேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி குரல் வந்தது. "நான் மொதலாவதையே விட்டுட்டேன் மிஸ்."

கூட்டம் சிரித்து முடிய நேரம் எடுத்தது. மிஸ்ஸும் சிரித்தார். எனக்குப் பக்கத்தில் இருந்தவன் என் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். அவனுக்கு அதில் என்ன இலாபமோ.

முதல் வேலை, தரையில் ஊரை வரைய வேண்டும். தாளில் வரைந்தால் பேனை பிடிக்கத் தெரிந்தவன் மட்டும்தான் வரைவான், தரையில் என்றால் எல்லாரும் கை வைக்கலாம் என்றார் மிஸ். பெண்களுக்குச் சந்தோசம். வீட்டுக்கு ஓடிப் போய்க் கோலமாவு கொண்டுவந்தார்கள். கொஞ்ச நேரத்தில் றோட்டு வந்தது, லயம் வந்தது, மலை வந்தது, மஞ்சள் தூளில் தேயிலை வந்தது. கோயில் திருவிழாவுக்குக்கூட அப்படி ஒரு கோலம் நான் பார்த்ததில்லை. பீலிக்கு நீலச் சீலைத் துண்டு ஒன்றைக் கிழித்துப் போட்டார்கள். வாலிபர்கள் மலையின் ஒரு மூலையில் நூல் கட்டி வொலிபோல் நெட் போட்டார்கள். முடிவு எடுக்குமுன்பே கிரவுண்ட் வந்துவிட்டது.

நான் சும்மா இருப்பேனா? கொட்டகைக்கு ஒரு நெருப்புப் பெட்டியை வைத்தேன். மாட்டுக்கு என்ன வைப்பது என்று தேடினேன். கையில் பாதி தின்ற மாலு பனிஸ் இருந்தது. அதை வைத்தேன்.

மிஸ் குனிந்து பார்த்தார். "அண்ணை, இது என்ன?"

"மாடு மிஸ்."

"கடிச்சிருக்கு."

"காலைல சாப்பிடல."

"லயத்தைவிடப் பெரிசா இருக்கு உங்கட மாடு."

"நல்லா வளத்துருக்கேன் மிஸ்."

ஊர் முழுக்க வரைந்து முடிந்தது. மிஸ் படத்துக்கு நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். "வேற ஏதாவது விடுபட்டிருக்கோ? அங்க இருக்கிறது எல்லாம் இங்க வரவேணும்."

என் மனைவிதான் சொன்னாள். "பீலிகிட்ட முனியாண்டி இருக்காரு."

பீலிக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் ஒரு கல். அவ்வளவுதான் எங்கள் முனியாண்டி. ஆனால் தண்ணீருக்குக் காவல் அவர்தான். பெண்கள் வாளியை வைக்குமுன் அவருக்கு ஒரு கை தண்ணீர் தெளிப்பார்கள்.

"ஓம், அவரையும் வையுங்கோ," என்றார் மிஸ். அவருக்கு அது ஒரு அடையாளம், அவ்வளவுதான். கிணறு, பாலம் மாதிரி.

என் மனைவி வெளியே போய்த் தண்ணீர் ஓடும் கானில் ஒரு கறுத்தக் கல்லை எடுத்து, கழுவி, கொண்டுவந்து நீலச் சீலைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். கல் சாயாமல் நின்றது. ஆயம்மாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. நின்ற கல்லைப் பார்த்ததும், மணிப்பேர்ஸைத் திறந்து குங்குமத்தை எடுத்து ஒரு பொட்டு வைத்துவிட்டார். அவர் அதை யோசித்துச் செய்யவில்லை. மூக்கு அரித்தால் சொறிகிற மாதிரிச் செய்தார். இன்னொரு பெண் கொண்டையிலிருந்த செவ்வரத்தம் பூவை எடுத்துச் சாத்தினாள்.

அவ்வளவுதான். பிள்ளைமடுவம் கோயிலாகிவிட்டது.

செருப்புகள் எல்லாம் தானாகக் கழன்று வாசலுக்குப் போயின. தலைவர் காதில் செருகியிருந்த பீடியை எடுத்துப் பையில் போட்டு, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டினார். படத்துக்குள் நின்றது மிஸ் மட்டும்தான். வொலிபோல் கிரவுண்டில் ஒரு காலும், போஞ்சித் தோட்டத்தில் ஒரு காலுமாக நின்றார்.

"மிஸ்," என்றார் ஆயம்மா மெதுவாக. "செருப்பு."

மிஸ் நின்ற இடத்திலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தேயிலை மிதிபடாமல் நுனிக்காலில் வெளியே வந்தார். கெட்டிக்காரப் பிள்ளை. ஏன் என்று கேட்கவில்லை.

இனித்தான் என் கெட்ட நேரம். எல்லாரும் சுற்றி நின்று முனியாண்டியைப் பார்த்தார்கள். முனியாண்டியிடமிருந்து கண் மேலே போனது. தலைவர் தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, அந்த பனிஸ் எங்க இருக்குன்னு கொஞ்சம் பாரு."

பார்த்தேன். முனியாண்டியின் தலைக்கு நேர் மேலே என் மாடு நின்றது. எச்சில் மாடு.

உண்மையான நிலத்தில் இது எங்களுக்குத் தெரிந்ததே இல்லை. கொட்டகைக்கு ஒரு வழியாக ஏறுவோம், பீலிக்கு வேறு வழியாக இறங்குவோம். நடுவில் வளைவும் காடும். மேலே நிற்பவனுக்குக் கீழே தெரியாது, கீழே நிற்பவளுக்கு மேலே தெரியாது. தரையில் வரைந்தபோதுதான் எல்லாம் ஒரே பார்வைக்குள் வந்தது. என் கொட்டகை, அதற்குக் கீழே சாமி தலை, அதற்குக் கீழே தண்ணீர், அதற்குக் கீழே வரிசையாக வாளிகள்.

மிஸ் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்பது போல மெதுவாகக் கேட்டார். "மழை பெஞ்சா அந்தக் கொட்டில் சாணி எல்லாம் எந்தப் பக்கம் போகும்?"

பெண்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அன்று காலை குடித்த தேத்தண்ணியை அவர்கள் மனசுக்குள் திரும்ப ருசி பார்ப்பது எனக்கே தெரிந்தது.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. மூலையில் கிடந்த விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை எடுத்து, பனிஸை மெல்லத் தள்ளினேன். லயத்தைத் தாண்டி, றோட்டைத் தாண்டி, அடுத்த தோட்டத்து எல்லை வரைக்கும் மாட்டை ஓட்டினேன்.

"அண்ணை," என்றார் மிஸ், "படத்தில தள்ளினா நிலத்தில போகாது."

"ஆரம்பிச்சு வைக்கிறேன் மிஸ்."

என் மனைவி வந்து பனிஸை எடுத்து என் கையில் வைத்தாள். "இத தின்னு முடிங்க. மானம் போவுது."

தின்றேன். கூட்டத்துக்கு நடுவில் நின்று ஒரு மாட்டைத் தின்ற முதல் சைவக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

எனக்கு மட்டும்தான் மாட்டிக்கொண்டது என்று நினைக்க வேண்டாம். வொலிபோல் பந்து எங்கே விழும் என்று ஒருத்தி கேட்டாள். பையன்கள் நெட்டைக் கழற்றிச் சுருட்டினார்கள். போஞ்சிக்கு அடிக்கும் மருந்து எங்கே இறங்கும் என்று ஒருத்தி கேட்டாள். தலைவர் மட்டும் தளரவில்லை. டர்பன்டைன் மரம் நட்டால் சாமிக்கு நிழல் என்றார்.

"அந்த மரம் நிலத்துத் தண்ணிய ஸ்ட்ரோ போட்டு உறிஞ்சுமே," என்றார் ஆயம்மா.

"சாமிக்கு தாகமே எடுக்காது, ஒனக்கு தெரியாதா?"

"எங்களுக்கு எடுக்குமே தலைவரே."

பிறகு மிஸ் தாளில் எங்களுக்கு எது எது முக்கியம் என்று எழுதச் சொன்னார். தண்ணீர், விறகு, பிள்ளைகள் விளையாட இடம், பால். பால் என்று சொன்னது நான்தான். கூடவே நிம்மதி என்றும் சொன்னேன். அதை எழுதவில்லை. இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லச் சொன்னார். என் நிம்மதி சாக்கை விரித்துப் படுப்பது என்று ஊர் நடுவில் எப்படி விளக்குவது?

பிறகு தெரிவு. சுவரில் ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு படத்தை ஒட்டி, கீழே ஒரு டின் வைத்தார். ஆளுக்குக் கொஞ்சம் கூழாங்கல். விரும்பிய டின்னில் விரும்பியபடி போடலாம். பெரியவர் சின்னவர் இல்லை, ஆண் பெண் இல்லை.

"இன்னொரு தோட்டத்தில கடலை குடுத்தனான்," என்றார் மிஸ். "வாக்கைத் திண்டு போட்டினம். அதாலதான் கல்லு."

கல் போடுமுன் தலைவர் எழுந்து நின்று எல்லாருக்கும் ஒன்றைச் சொன்னார். "சாமி முன்னுக்கு இருக்காரு. மனசுல ஒன்னு கையில ஒன்னுன்னு போட்டா வயித்தால போவும். நான் இப்பவே சொல்லிட்டேன்."

எனக்கு அந்தப் பயம் இல்லை. என் மனசிலும் புல், கையிலும் புல். நான் புல் கட்சி என்று முனியாண்டிக்கே தெரியும். என் கல் எல்லாவற்றையும் புல் டின்னில் போட்டேன். தகரத்தில் நல்ல சத்தம் வந்தது. பிறகு என் மனைவியின் முறை. நான் புருவத்தைத் தூக்கிப் புல் டின்னைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். நேராகப் போய், மலையை மூடி ஊற்றைக் காக்கும் டின்னில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

எண்ணி முடித்தார்கள். தலைவரும் சில ஆண்களும் டர்பன்டைனுக்குப் போட்டிருந்தார்கள். போஞ்சிக்குக் கொஞ்சம். ஊற்று டின் நிரம்பி வழிந்தது. புல் டின்னில் என் கற்கள் மட்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு கிடந்தன.

நான் நகர்ந்து போய் அவள் பக்கத்தில் குனிந்தேன். "ஏன்டி, நீதானே மாட்ட விக்கணும்னு கவலப்பட்ட?"

"ஒங்க மாடு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்குதுன்னு தெரியுமா?"

"நெறைய குடிக்கும்."

"அத யாரு தூக்குறது?"

எனக்குப் பதில் தெரியும். அதனால் சொல்லவில்லை.

"அந்த பீலி நின்னுச்சின்னா மாட்டுக்கு புல்லு இருந்தும் என்ன செய்ய?" என்றாள். "புல்ல எங்கயாச்சும் தேடலாம். ஊத்த எங்க போயி தேடுறது?" சொல்லிவிட்டு முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வைதான் என்று காட்டிக்கொண்டாள்.

கூட்டம் முடிந்தது என்று ஆண்கள் எழுந்தார்கள். மிஸ் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். "இன்னும் ஒரு கேள்வி இருக்கு. இந்த முடிவால ஆருக்கு நட்டம்?"

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என்னை ஊர் அவ்வளவு பாசமாகப் பார்த்தது அதுவரை நடந்ததில்லை. கல்யாணத்தன்றுகூட எல்லாரும் சாப்பாட்டைத்தான் பார்த்தார்கள்.

"அந்த நட்டத்தை ஒரு ஆளின்ர தலையில விட்டிட்டுப் போனா முடிவு நிக்காது," என்றார் மிஸ். "அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ."

ஏதாவது பகிடி சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. "மலைய மூடுங்க மிஸ்," என்றேன். "நான் ஒன்னும் சொல்லல. கொட்டகைய நாளைக்கே பிரிச்சிடறேன். ஆனா மாடு என்னத்த திங்கும்? விக்கிறதுன்னா எங்க வீட்ல..." அதற்கு மேல் ஓடவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. கூரையைப் பார்த்தேன்.

தலைவர் விற்பதுதான் நல்லது என்று ஆரம்பித்தார். ஆயம்மா முடிக்க விடவில்லை.

"சும்மா இருங்க தலைவரே. இந்த புள்ளைங்களுக்கு காய்ச்சல் வந்தா பால் எங்கருந்து வருது? கடைலருந்தா?" பெண்கள் பக்கம் திரும்பினார். "நாம மலையிலருந்து வாறப்ப வெறகு கட்டு தூக்கிட்டுத்தானே வாறோம். கானோரம் புல்லு இருக்கு. ஆளுக்கு ஒரு கட்டு அறுத்துட்டு வந்தா கை ஒடிஞ்சா போவும்?"

பேசி, சத்தம் போட்டு, கடைசியில் முறை வைத்தார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு வீடு மாட்டுக்குப் புல் கொண்டுவர வேண்டும். மாடு எங்கள் குசினியின் அடுப்புச் சுவருக்குப் பின்னால் நிற்கும். சாணி போஞ்சிக்காரர்களின் வீட்டுத் தோட்டத்துக்கு. சாணி அள்ளுவது நான், அதை முன்மொழிந்தது என் மனைவி. மலையில் கும்புக் என்கிற மருத மரமும் மூங்கிலும் நடுவது எல்லாருடைய வேலை. நட்ட கன்றுகளை மாடு தின்னாமல் காவல் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று தலைவர் சொல்லி, என்னையே போட்டார். இந்த முறை நான் கூட்டத்துக்கு வந்திருந்தும் தப்ப முடியவில்லை. அந்த ஊரில் இருக்கிற ஒரே மாட்டிடமிருந்து மலையைக் காப்பாற்றும் அதிகாரி, அந்த மாட்டின் சொந்தக்காரன்.

மிஸ் ஃபோனில் படத்தைப் பல பக்கமும் எடுத்தார். எடுத்து முடித்து, இடத்தைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று நல்ல மனசோடு விளக்குமாற்றைக் கையில் எடுத்தார்.

"மிஸ், அத அப்பிடியெல்லாம் கூட்ட முடியாது," என்றார் தலைவர்.

"ஏன் ஐயா? மாவு தானே."

"மாவுதான். அவரு?"

மிஸ் கல்லைப் பார்த்தார். காலையில் கானில் கிடந்த கல் இப்போது பொட்டும் பூவுமாக அவரைத் திரும்பிப் பார்த்தது.

"நாளைக்கு புள்ளைங்க எங்க படுக்கும்?" என்று ஆயம்மா அழாக்குறையாகக் கேட்டார். பொட்டு வைத்தது யார் என்று ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை.

கடைசியில், வந்த சாமியை மரியாதையாகக் கொண்டுபோய் விடுவது என்று தீர்மானம் ஆனது. அதற்கு மட்டும் கல் போட்டு வாக்கு எடுக்கவில்லை. கல்லை ஒரு தட்டில் வைத்து என் மனைவி தூக்கினாள். ஒருவன் ஓடிப் போய்த் தப்பு எடுத்து வந்தான். சூடம் கொளுத்தி, தப்பு அடித்து, ஊரே பீலிக்கு இறங்கியது. மிஸ் வெறும் காலோடு, சுருட்டிய தாள்களைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்னால் வந்தார். வழியில் அட்டை கடித்தது. ஒன்றும் சொல்லாமல் பிய்த்து எறிந்துவிட்டு நடந்தார். அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்கு அவர் மேல் தனி மரியாதை.

மரத்தடியில் பழைய கல்லுக்குப் பக்கத்தில் புதுக் கல்லை வைத்தார்கள். தலைவர் கும்பிட்டு, எடுத்த முடிவை எல்லாம் சாமிக்குச் சத்தமாகச் சொன்னார். மலை மூடியாச்சு, மாடு போகாது, மரம் நடுறோம். மிஸ் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டே வந்தார்.

"புல்லு," என்றாள் என் மனைவி தட்டைக் கையில் வைத்தபடி.

"ஆங், புல்லும் ஒன்னு இருக்கு சாமி."

"ஒவ்வொரு வீடும்னு சொல்லுங்க."

"ஒவ்வொரு வீடும் சாமி."

"ஒங்க வீடும்னு சொல்லுங்க."

தலைவர் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

அதன் பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போய்விட்டன. அந்த வெயிலில் பீலி ஆறாக ஓடவில்லை, ஆனால் நிற்கவுமில்லை. வரிசை இன்னும் இருக்கிறது, சண்டை கொஞ்சம் குறைவு. கும்புக் கன்றுகள் என் முழங்கால் வரைக்கும் வந்திருக்கின்றன. நான் அவற்றுக்கு நடுவில் சாக்கை விரித்துக் காவல் பார்க்கிறேன்.

புல் விசயம்தான் இழுபறி. முதலில் கட்டுக் கட்டாக வந்தது. அப்புறம் சில வீடுகளிலிருந்து காதில் செருகுகிற அளவுக்கு வந்தது. சில நாள் அதுவும் வரவில்லை. நான் போய்க் கேட்கக் கூச்சப்பட்டேன். என் மனைவி கேட்கவே இல்லை. புல் வராத நாள் விடிந்ததும், மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய் அந்த வீட்டு வாசல் தூணில் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். அவ்வளவுதான். மாட்டுக்குப் பசி வந்தால் என்ன குரல் என்று அந்த வீட்டுக்காரர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

திரும்பவும் பார்ப்பது என்ற கடைசி வேலைக்கு மிஸ் வந்த அன்று, மாடு தலைவர் வீட்டு வாசலில் நின்றது. வாசல் குரோட்டன் செடி பாதி இல்லை. தலைவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கானோரத்தில் குந்தி வேகமாகப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். மாடு அவரை மேற்பார்வை பார்த்தது, கண்ணைத் திறந்துகொண்டு.

மிஸ் புத்தகத்தைத் திறந்து பேனையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அந்தக் காட்சியைப் பார்த்தார். பகல் சாப்பாட்டுக்கு வந்த என் மனைவியிடம் திரும்பினார்.

"அக்கா, முடிவை ஆக்கள் மீறினா என்ன செய்யிறது எண்டு இதில ஒரு கேள்வி இருக்கு. நான் என்னெண்டு எழுதுறது?"

"மாடு வந்து கேக்கும்னு எழுதுங்க மிஸ்," என்றாள் அவள்.